மோதகம் ஒரே சட்டையாகக் கழற்றியது

இன்று காலை ஆறேகாலுக்கு மகன் வந்து என்னை உலுப்பினான். “அப்பா, முழுசா வந்திட்டுது. வால் நுனியும் இருக்கு, ரெண்டு கண்ணும் இருக்கு.” இரவுவேலை முடித்து வந்து ஒரு மணித்தியாலம்கூடப் படுத்திருக்க மாட்டேன். ஆனாலும் எழும்பிப் போனேன். கண்ணாடித் தொட்டியின் மூலையில், அவசரத்தில் கழற்றி எறிந்த காலுறை மாதிரி உட்புறம் வெளியே திரும்பி, இன்னும் ஈரம் காயாமல், மூக்கு தொடக்கம் வால் வரை ஒரு கிழிசல் இல்லாமல் கிடந்தது பாம்புச் சட்டை. அளவுநாடா வைத்துப் பார்த்தோம்: 128 சென்ரிமீற்றர். எங்கள் பாம்பு மோதகம் 105 சென்ரிமீற்றர்தான் இருக்கும். கழற்றும்போது தோல் இழுபட்டு நீளும்.

டிசம்பர் 21ஆம் திகதி இதே பாம்பின் தோலை முப்பதுக்கு மேற்பட்ட துண்டுகளாகப் பொறுக்கினேன். இன்று பெப்ரவரி 12. இடையில் ஏழரைக் கிழமை. அம்மாவைக் கேட்டால் ஏழரைச் சனி என்பா. அந்த நாட்களில் என்ன செய்தேன், எதில் காசைக் கரியாக்கினேன் என்பதை மறக்கமுன் எழுதிவைக்கிறேன்.

பாம்பு ஒரு போல் பைத்தன். பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்துபோல் சுருண்டுவிடும், அதனால் அந்தப் பெயர். மேற்கு, மத்திய ஆபிரிக்காவில் எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் பகலைக் கழிக்கிற சாதி. விஷம் இல்லை. மகனுக்குப் பதின்மூன்று வயது. இரண்டு வருடம் கேட்டுக் கேட்டு, கடைசியில் போன ஓகஸ்ட் மாதம் வாங்கிக்கொடுத்தேன். சுருண்டு கிடந்ததைப் பார்த்து ‘மோதகம்’ என்று பெயர் வைத்தான். பிள்ளையாருக்குப் படைக்கிற சாமானின் பெயரைப் பாம்புக்கு வைப்பதா என்று அம்மா ஒரு கிழமை கதைக்கவில்லை. இப்போது “மோதகம் சாப்பிட்டதோ?” என்று முதலில் கேட்கிறவா அவதான்.

வீடு ரொறன்ரோவின் ஸ்காபரோவில். தொட்டி 40 கலன் கண்ணாடி, 36 அங்குல நீளம், 18 அங்குல அகலம், மேலே முழுக்கக் கம்பிவலை மூடி. ஒரு பக்கம் மூடிக்கு மேலே வெளிச்சம் தராத பீங்கான் சூட்டுக் குமிழ், தெர்மோஸ்ரற்றில் பூட்டியது. சூட்டுப் பக்கம் 32 பாகை, குளிர்ப் பக்கம் 25. அடியில் அஸ்பென் மரச்சீவல். சூட்டைப் பற்றி நிறையப் படித்திருந்தேன். ஈரப்பதத்துக்கு ஒரு வட்ட முள் மீற்றரை உள்ளே ஒட்டிவிட்டு அந்தப் பாடம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

செப்ரெம்பரில் முதல் சட்டை வடிவாக ஒரே துண்டாக வந்தது. அது என் கெட்டித்தனம் இல்லை, ரொறன்ரோவின் கோடைக்காலப் புழுக்கம் என்பது அப்போது விளங்கவில்லை. நவம்பர் தொடக்கத்தில் இரண்டாவது சட்டை, கழுத்தடியில் கிழிந்து இரண்டு துண்டாக வந்தது. அப்போதே யோசித்திருக்கவேணும். வீட்டைச் சூடாக்கச் சுடுகாற்று ஊதுகிற ஃபர்னஸ் ஓடத் தொடங்கி மூன்று கிழமை ஆகியிருந்தது. என் உதடு வெடித்தது, மனைவி கதவுப்பிடியைத் தொட்டால் சுள்ளென்று மின் அடித்தது. மனிசருக்கு விளங்கின வறட்சி பாம்புக்கும் இருக்கும் என்று ஒருவருக்கும் ஓடவில்லை.

டிசம்பரில் வந்ததுதான் கேவலம். காய்ந்த வெங்காயத் தோல் மாதிரிச் சின்னச் சின்னத் துண்டுகள். முதுகு நடுவில் ஒரு பட்டை ஒட்டியபடி, வால் நுனியில் மோதிரம் மாதிரி ஒரு வளையம். வலது கண்ணில் பழைய கண்ணாடித் தோல் அப்படியே மங்கலாக இருந்தது. பாம்புக்கு இமை இல்லை. கண்ணை மூடியிருக்கும் தெளிந்த செதிலும் சட்டையோடு கழன்று வரவேணும்.

ஒரு பிளாஸ்ரிக் பெட்டியில் இளஞ்சூட்டு நீரில் பிழிந்த துவாய்களைப் போட்டு, பாம்பை அதற்குள் முக்கால் மணித்தியாலம் விட்டோம். காற்றுக்கு மூடியில் ஓட்டை. பிறகு ஈரத் துவாயைக் கையில் லேசாகப் பிடித்து அதற்கூடாக ஊர்ந்து போகவிட்டபோது முதுகுத் தோல் தானாக உருண்டு வந்தது. வால் வளையத்துக்கு மட்டும் இரண்டாம் நாளும் துவாய் வைத்தோம். அந்த வளையத்தை விட்டால் அது இறுகி, இரத்தம் ஓடாமல் நுனி செத்துப்போகும். கண்ணில் கை வைக்கவில்லை. முள்வாங்கியைக் கையில் எடுத்தேன் என்பது உண்மை. மகன் பறித்துவிட்டான். மிருகவைத்தியரும் அதையே சொன்னார்: கண் தோலை வீட்டில் உரிக்கப் போகாதீர்கள், ஈரத்தைச் சரியாக்குங்கள், அடுத்த சட்டையோடு போகும். அந்த வசனத்துக்கு 135 டொலர்.

“ஈரம் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்?” என்று அவர் கேட்டபோது, “அறுபது” என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். “எந்த மீற்றர்?” என்றார். சொன்னேன். சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாடு தெரிந்தது.

வீட்டுக்கு வந்து அந்த வட்ட மீற்றரைக் கழற்றிக் குசினி மேசையில் வைத்தேன். அறுபது. குளிக்கிற அறையில், சுடுநீர் ஓடி ஆவி நிற்கும்போது வைத்தேன். அறுபத்திரண்டு. பனிக்குள் வெளியே வைத்திருந்தாலும் அறுபதுதான் காட்டியிருக்கும். முள் உள்ளே சிக்கியிருக்கிறது. மாதக்கணக்காக ஒரு படத்தைப் பார்த்து ஈரம் சரி என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சின்ன டிஜிற்றல் மீற்றர் இரண்டு, 27 டொலர், வாங்கினேன். இந்தமுறை உடனே நம்பவில்லை, உப்புச் சோதனை செய்தேன். போத்தல் மூடி ஒன்றில் சாப்பாட்டு உப்பு நிரப்பி, சில துளி தண்ணீர் விட்டு ஈர மணல் பதத்துக்குக் கொண்டுவரவேணும். கரைந்து தண்ணீரானால் பிழை. அதையும் இரண்டு மீற்றரையும் காற்றுப் போகாத பையில் போட்டு மூடி, அறைச் சூட்டில் ஒரு இரவு விட்டால் பைக்குள் ஈரப்பதம் 75 வீதத்தில் வந்து நிற்கும். ஒன்று 73 காட்டியது, மற்றது 77. பின்பக்கத்தில் காகித ரேப் (ஒட்டுநாடா) ஒட்டி ‘+2’, ‘−2’ என்று எழுதினேன்.

திருத்திய கணக்கில் தொட்டியின் முதல் உண்மை: குளிர்ப் பக்கம் 26 வீதம், சூட்டுப் பக்கம் 19. அறை 23. போல் பைத்தனுக்கு 60க்குக் குறையக்கூடாது, சட்டை கழற்றுகிற நாட்களில் 70க்கு மேல் இருந்தால் நல்லது. பாவம், அது கருவாடு காய்கிற காற்றில் இருந்திருக்கிறது.

சூட்டுப் பக்கம் எப்போதும் குறைத்துத்தான் காட்டும். காற்று அதே காற்று, சூடு கூடினால் வீதம் இறங்கும். இது தெரியாமல் முதல் கிழமை அந்தப் பக்கத்தில் ஏதோ ஒழுக்கு என்று நினைத்து அங்கேயே தண்ணீர் விசிறிக்கொண்டிருந்தேன். இப்போது குளிர்ப் பக்க எண்ணைத்தான் கணக்கில் எடுக்கிறேன்.

விசிறல் போத்தல்தான் முதல் ஆயுதம். ஒரு நாளைக்கு நான்கு தரம், இரவுவேலைக்கு வெளிக்கிடமுன் ஒன்று, வந்தபின் ஒன்று, பள்ளிக்கூடத்துக்கு முன்னும் பின்னும் மகன். விசிறியவுடன் 80. எங்களுக்கும் சந்தோசம். ஐம்பது நிமிடத்தில் 31. ஒரு கொப்பியில் எழுதிவந்தோம். அந்தப் பக்கங்களைப் பார்த்தால் மரம் அரிகிற வாளின் பல்லு மாதிரி ஏறி இறங்குகிறது. அம்மா சுவாமியறையால் வந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டா: “என்ன தம்பி, உதுக்கு மழையும் பெய்யவேணுமோ?”

மழை பெய்து கிணறு நிரம்பவில்லை, மரச்சீவல்தான் நனைந்தது. அஸ்பென் தண்ணீரைப் பிடித்துவைக்கிற சாமான் இல்லை. அது ஊறி, நாறி, பூஞ்சணம் பிடிக்கிற சாமான். எட்டாம் நாள் தண்ணீர்ப் பாத்திரத்துக்குக் கீழே வெள்ளைப் பஞ்சு. முழுவதையும் வாரி எறிந்து புதுப் பை போட்டேன். அதுவும் ஐந்து நாளில் எறிபட்டது. இரண்டு பை, 36 டொலர்.

அடுத்த பிழை இன்னும் விலை கூடியது. பனிமூட்டம் உண்டாக்குகிற ஒரு மெஷின், 58 டொலர். நெளிகுழாயை மூடிக்கு மேலே வைத்துச் செருகினால் தொட்டிக்குள் நுவரெலியா மாதிரிப் புகார் இறங்கும். பார்க்க அவ்வளவு வடிவு. மகனின் சிநேகிதர்கள் வந்து படம் எடுத்தார்கள். மீற்றர் 90ஐத் தொட்டது. ஐந்து நாள் ஓடியது. கண்ணாடியில் வெள்ளைச் சுண்ணாம்புப் படலம், ஏனென்றால் குழாய்த் தண்ணீரில் உள்ள உப்புகளையும் சேர்த்துத்தான் அது ஊதுகிறது. படுக்கையின் மேற்பகுதி எந்நேரமும் சொதசொத என்று இருந்தது. ஆறாம் நாள் பாம்பைத் தூக்கி வயிற்றைப் பார்த்தபோது இரண்டு செதிலின் ஓரத்தில் மண்ணிறமான சிவப்பு. செதில் அழுகல் அப்படித்தான் தொடங்கும்.

அன்றே மெஷினைக் கழற்றினேன். வெறும் காகிதத் துவாயை விரித்து, வயிறு காய விட்டு, மிருகவைத்தியருக்குப் படம் அனுப்பினேன். உலர்வாக வைத்திருங்கள், பரவினால் கொண்டுவாருங்கள் என்றார். பரவவில்லை. ஆனால் அந்த நாலு நாளும் மகன் என்னோடு கதைத்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை, அவனில் பிழையும் இல்லை. காற்றில் ஈரம் வேணும், வயிற்றுக்குக் கீழே வேண்டாம். இந்த ஒரு வரியை 58 டொலர் கொடுத்துப் படித்தேன். மெஷின் இப்போது கராஜில். சுவாமியறையில் வைத்தால் சாம்பிராணிப் புகை மாதிரி இருக்குமோ என்று அம்மா கேட்டிருக்கிறா.

ஜனவரி 11. ஒரு கோப்பைத் தேத்தண்ணியோடு தொட்டிக்கு முன்னால் கதிரை போட்டு இருந்தேன். இவ்வளவு நாளும் தண்ணீர் ஊற்றுவதைப் பற்றியே யோசித்தேன், அது எங்கே போகிறது என்று பார்க்கவில்லை. மேலே பார்த்தால் 36க்கு 18 அங்குலம், முழுவதும் வலை. அதற்கு மேலே சூட்டுக் குமிழ் ஒரு புகைபோக்கி மாதிரி ஈரக் காற்றை இழுத்து மேலே அனுப்பிக்கொண்டிருக்கிறது. கூரை இல்லாத வீட்டுக்குள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன்.

மூடியை அடைக்க முதலில் சாப்பாடு சுற்றுகிற மெல்லிய பிளாஸ்ரிக் தாளை இழுத்து ஒட்டினேன். குமிழ்ப் பக்கம் இருபது நிமிடத்தில் சுருங்கி உருகத் தொடங்கியது. மணம் வந்ததால் தெரிந்தது. பிறகு அலுமினிய ரேப்பை வலைக்கு மேலே நேராக ஒட்டப் போனேன். நல்லகாலம், ஒரு கீற்று ஒட்டியதும் மூடியைத் திருப்பிக் கீழ்ப்பக்கம் விரலால் தடவிப் பார்த்தேன். வலைக் கண்களுக்கூடாகப் பசை விரலில் ஒட்டியது. பாம்பு இரவில் மூடிவரை ஏறும். ரேப்பில் ஒட்டிய பாம்பு அதிலிருந்து தப்பப் புரண்டு தன் தோலையே கிழித்துக்கொள்ளும். ஒட்டுகிற எதுவும் தொட்டிக்குள் பாம்புக்கு எட்டக்கூடாது. எண்ணெய் தடவி அந்தப் பசையை எடுத்துக் கழுவ ஒரு மணித்தியாலம் போனது.

கடைசியில் செய்தது இதுதான். குசினி அலுமினியத் தாளில் தடித்ததை இரண்டு மடிப்பாக மடித்து வலைக்கு மேலே விரித்தேன். ரேப் தாளின் ஓரத்தையும் மூடியின் வெளிச் சட்டத்தையும் மட்டும் பிடிக்கும், வலையைத் தொடாது. சூட்டுக் குமிழின் கவசம் இருக்கிற இடத்தில் ஒரு வட்டம் வெட்டி, சுற்றிவர மூன்று அங்குலம் வெறுமையாக விட்டேன். குளிர்ப் பக்கத்து நுனியில் இரண்டு அங்குல அகலக் கீற்று ஒன்று, காற்றுக்கு. தாள், ரேப் இரண்டும் 16 டொலர்.

ஒரு துளி தண்ணீர் கூட்டவில்லை. அடுத்த நாள் குளிர்ப் பக்கம் 41. மூன்று கிழமை விசிறியும் நிற்காத எண் அது.

மூடி அடைபட்டதும் சூடும் தங்கத் தொடங்கியது. தெர்மோஸ்ரற் இல்லாமல் விட்டிருந்தால் அவிந்திருக்கும். அது இருந்தபடியால் குமிழ் குறைந்த நேரம் எரிகிறது. 100 வாற்ஸ் குமிழைக் கழற்றி 60 போட்டேன். குறைந்த சூட்டில் காற்றும் அவ்வளவு காய்வதில்லை.

அடுத்தது படுக்கை. கடையில் தென்னை மட்டைத் துண்டு ஒரு பை, 26 லீற்றர், 32 டொலர். தும்புச் சோறு (தென்னந் தும்பின் தூள்) அழுத்திய கட்டி இரண்டு, 18 டொலர். கட்டியின் உறையில் ‘இலங்கைத் தயாரிப்பு’ என்று இருந்தது. ஊரில் பொச்சுமட்டையை அடுப்புக்கும், கிணற்றடியில் சட்டி தேய்க்கவும் எடுத்தோம், மிச்சம் வேலியோரம் உக்கும். அதை இங்கே காசு கொடுத்து வாங்கி ஆபிரிக்கப் பாம்புக்குப் பாய் விரிக்கிறேன். அம்மாவிடம் ஒரு பிடி கொடுத்தேன், மணந்து பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தா.

650 கிராம் கட்டி ஒன்று நாலு லீற்றர் இளஞ்சூட்டு நீரைக் குடித்து எட்டு லீற்றருக்கு மேல் பொங்கியது. பேஸ்மென்றில் உள்ள சலவைத் தொட்டியில் வைத்துத்தான் ஊறப்போட்டேன் (அந்தத் தொட்டியைப் பற்றிப் பிறகு வருகிறேன்). சோற்றையும் மட்டைத் துண்டையும் கலந்து, கைப்பிடியில் இறுக்கிப் பார்த்தேன்: பிடி உடையாமல் நிற்கவேணும், விரலிடுக்கால் தண்ணீர் சொட்டக்கூடாது. புட்டுக்கு மா குழைத்த கைக்கு இந்தப் பதம் சொல்லித்தரத் தேவையில்லை. தொட்டியில் பத்து சென்ரிமீற்றர் உயரத்துக்குப் பரப்ப ஏறக்குறைய முழுவதும் முடிந்தது. மேலே ஒரு விரல்கடைக்குக் காய்ந்த மட்டைத் துண்டு.

தண்ணீரை இனி மேலே தெளிப்பதில்லை. குளிர்ப் பக்கத்து இரண்டு மூலையிலும் கண்ணாடியோரமாக மெல்ல ஊற்றினால் அடியில் பரவும். மேல்மட்டம் காய்ந்தே இருக்கும், கீழிருந்து ஈரம் ஏறும். கிழமைக்கு ஒரு லீற்றர் போதுமாக இருக்கிறது. கண்ணாடிக்கூடாகப் பக்கவாட்டில் பார்த்தால் கறுத்த ஈர மட்டம் தெரியும். அது ஒன்றரை அங்குலத்துக்குக் கீழே போனால் ஊற்றுகிற நாள்.

தொட்டிக்கு அடியில் ஒட்டிய சூட்டுப் பாய் ஒன்றும் இருந்தது. பத்து சென்ரிமீற்றர் படுக்கைக்குக் கீழே அது பிரயோசனம் இல்லை. சூடு மேலே வராமல் கண்ணாடியில் தேங்கும், பாம்பு தோண்டிக்கொண்டு அடிக்குப் போனால் சுடும். அதனால் அதைக் கழற்றினேன். செதில்கள் இதற்குள் காய்ந்து நிறம் திரும்பியிருந்தன.

பகலில் 58. ஆகா என்றிருந்தது. ஆனால் கொப்பியில் ஒவ்வொரு நாளும் விடிய எழுதுகிற எண் 43, 42, 44. இரவில் விழுகிறது, மத்தியானத்துக்குள் எழும்புகிறது. ஏன் என்று எட்டு நாள் மண்டையைப் போட்டு உடைத்தேன். தாளில் ஓட்டையோ என்று பார்த்தேன், தும்பு காய்ந்ததோ என்று தோண்டினேன், மீற்றரை மறுபடி உப்புப் பையில் போட்டேன்.

ஜனவரி 22, எனக்கு வேலை இல்லாத இரவு. வெளியே −17. நித்திரை வராமல் தொட்டிக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தியிருந்து கைபேசி பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து மணிக்கு ஃபர்னஸ் உறுமித் தொடங்கியது. ஒரு நிமிடம் போகவில்லை, முதுகில் சுடுகாற்று. திரும்பிப் பார்த்தால் தொட்டி வைத்த மேசைக்குப் பின்னால், சுவரோரம், தரையில் இருக்கிற சூட்டுக்காற்றுத் துவாரம். நேராக மேலே, தொட்டியின் பின்பக்கத்தையும் அந்த இரண்டு அங்குலக் காற்றுக் கீற்றையும் தழுவிக்கொண்டு போகிறது. ஓகஸ்டில் மேசையை அந்த இடத்தில் வைத்தவன் நான்தான். அப்போது அதில் குளிர்க்காற்று வந்தது, ஒருவரும் கவனிக்கவில்லை. வீட்டுத் தெர்மோஸ்ரற்றில் இரவு 18 பாகைக்கு இறக்கி, விடிய ஐந்துக்கு 21க்கு ஏற்றும்படி வைத்தவனும் நான்தான். ஒவ்வொரு விடியலும் முக்கால் மணித்தியாலம் நிற்காமல் ஒரு தலைமயிர் உலர்த்தியைத் தொட்டிக்குப் பிடித்த மாதிரி.

மகனை எழுப்பாமல் காட்போட் துண்டொன்றைத் துவாரத்துக்கு முன்னால் சாய்த்துவைத்துப் படுத்தேன். விடிய 55.

அடுத்த நாள் 9 டொலருக்குக் காற்றைத் திருப்பிவிடுகிற பிளாஸ்ரிக் கவசம் ஒன்று வாங்கிப் பூட்டினேன், மேசையை உட்சுவர்ப் பக்கம் இரண்டு அடி தள்ளினேன். துவாரத்தை ஒரேயடியாக மூடவில்லை, அந்த அறையில் மகன் படுக்கிறான். அன்று தொடக்கம் விடிய 61, மத்தியானம் 66, இரவு 64. கொப்பியில் வாள்பல்லு போய்க் கோடு வந்தது. இதை முதல் நாளே செய்திருந்தால் மற்றதெல்லாம் பாதி வேலை. ஒன்பது டொலர்ச் சாமான்.

இதற்கிடையில் அறைக்கே ஒரு ஈரமூட்டி வைத்துப் பார்த்ததையும் சொல்லவேணும். அறை 23இலிருந்து 38க்கு ஏறியது. அந்தக் குளிரில் யன்னல் கண்ணாடியில் தண்ணீர் வடிந்து, அடிச்சட்டத்தில் ஐஸ் கட்டி, பெயின்ற் உப்பத் தொடங்கியது. மனைவி ஒரு பார்வை பார்த்தா. இப்போது 30க்கு மேல் விடுவதில்லை. பாம்புக்காக வீட்டை ஈரமாக்குவதிலும் பாம்பின் பெட்டியை ஈரமாக வைத்திருப்பது மலிவு.

கடைசி வேலை ஈரப் பொந்து. மேற்கு ஆபிரிக்காவில் ஹமற்றான் காற்று வீசுகிற மாதங்களில் வெளியே எல்லாம் வறண்டு கிடக்கும். பாம்பு நிலத்துக்குக் கீழே வளைக்குள் இருக்கும், அங்கே ஈரம் தங்கும். அப்படி ஒரு இடம் இங்கேயும் வேணும். நாலு லீற்றர் ஐஸ்கிறீம் வாளி. எங்கள் வீட்டில் அதற்குள் ஐஸ்கிறீம் தவிர எல்லாம் இருக்கும். அரைத்த மா இருந்த ஒன்றை மனைவி மனமில்லாமல் தந்தா. பக்கத்தில் எட்டு சென்ரிமீற்றர் ஓட்டை. சுடுகத்தியால் வெட்டியதில் ஓரம் பிசிறு பிசிறாக வந்தது, அரத்தால் தேய்த்து, மெழுகுதிரிச் சூட்டில் மழுக்கி, என் உள்ளங்கையை விட்டு எடுத்துப் பார்த்தேன். கீறவில்லை. உள்ளே ஸ்பக்னம் பாசி, 15 டொலர், ஊறவைத்து நன்றாகப் பிழிந்து ஒரு பிடி. வாளியைச் சூட்டுப் பக்கமும் இல்லாமல் குளிர்ப் பக்கமும் இல்லாமல் நடுவில் வைத்தோம். முதலில் சூட்டுக்குக் கீழே வைத்தேன், பாசி இரண்டு நாளில் வைக்கோலானது.

மோதகம் பத்து நாள் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. பெப்ரவரி 1 எலி வேண்டாம் என்றது. 3ஆம் திகதி வயிறு ரோசா நிறம். 4 இரவு வாளிக்குள் போனது. 5 கண் இரண்டும் நீலம் பாரித்த பால். அன்று மூலைகளில் ஒரு கோப்பைத் தண்ணீர் கூட ஊற்றினேன், 72இல் நின்றது. பாசியை மட்டும் இரண்டு நாளுக்கு ஒருக்கால் நனைத்துப் பிழிந்தோம். தொடவில்லை, தூக்கவில்லை, மகன் தொட்டிக்குத் துவாய் போட்டு மறைத்தான். 9ஆம் திகதி கண் தெளிந்தது. இதில் ஏமாறவேண்டாம், தெளிந்தால் முடிந்தது என்று அர்த்தம் இல்லை, இனித்தான் கழற்றப்போகிறது. மூன்றாம் நாள் விடிய மகன் என்னை உலுப்பினான்.

சட்டையின் தலைப்பகுதியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். இரண்டு கண்ணிலும் வட்ட வில்லைகள். வலது கண்ணில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு. டிசம்பரில் போகாமல் நின்றதும் சேர்ந்து வந்திருக்கிறது. மகன் அதைத்தான் அதிக நேரம் பார்த்தான். பாம்பைத் தூக்கிப் பார்த்தால் புது மெருகு, கண் இரண்டும் கறுத்த மணி. வயிற்றில் அந்த இரண்டு செதிலும் எவை என்று தேடத்தான் வேண்டியிருந்தது. நிறை 742 கிராம்.

காசுக் கணக்கு, வரி தவிர்த்து. பிரயோசனப்பட்டது: மீற்றர் 27, தாளும் ரேப்பும் 16, மட்டைத் துண்டு 32, தும்புச் சோறு 18, கவசம் 9, பாசி 15. மொத்தம் 117. வீணானது: முள் மீற்றர் 14, அஸ்பென் 36, மெஷின் 58. மொத்தம் 108. வைத்தியர் 135ஐ இரண்டிலும் சேர்க்கவில்லை. சின்னக் குமிழ் வீட்டில் இருந்தது.

திரும்பச் செய்வதானால் பாம்பு வாங்கமுன் வெறும் தொட்டியில் இரண்டு மீற்றரை வைத்து ஒரு கிழமை எழுதுவேன், அதுவும் ஃபர்னஸ் ஓடுகிற காலத்தில். வலை மூடிக் கண்ணாடித் தொட்டி வாங்கவே மாட்டேன். முன்பக்கம் திறக்கிற, மேல் அடைத்த பிவிசி பெட்டி நாலடிக்கு இரண்டடி, விலை கூடத்தான், ஆனால் இது வளர்ந்த பிறகு எப்படியும் அது வேணும். இந்த வருடக் கோடைக்குள் காசு சேர்க்கிறோம், மகனும் பனி அள்ளி அறுபது டொலர் போட்டிருக்கிறான். அலுமினியத் தாள் அதுவரைக்குத்தான். மே மாதம் யன்னல் திறந்து புழுக்கம் வந்தால் இதே தாள் ஈரத்தைக் கூட்டிவிடும், கண்ணாடியில் நாள் முழுக்கத் தண்ணீர் நின்றால் காற்றுக் கீற்றை அகலமாக்கவேணும். கலண்டரில் குறித்திருக்கிறேன்.

சலவைத் தொட்டி. தும்புச் சோறு பிழிந்த தண்ணீரை நான் வடிகட்டாமல் அதிலேயே ஊற்றினேன். நார் ஒவ்வொன்றாகக் கீழே போய் வளைகுழாயில் பாய் பின்னியிருக்கிறது போல. நேற்று மனைவி உடுப்புத் தோய்த்தபோது மண்ணிறத் தண்ணீர் திரும்பி மேலே வந்தது. சனிக்கிழமை வாளியையும் குழாய்க் குறட்டையும் எடுத்துக்கொண்டு அதற்குக் கீழே படுக்கவேணும்.